பித்தளை வில்லையும் கிரீட முத்திரையும்: பழைய ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கிகளின் வரலாற்றைத் தேடுவது எப்படி

பின்கட்டையில் வட்டமான ஒரு பித்தளை வில்லை பதித்திருக்கும். அதில் ‘கேஹா’ என்று பொறித்திருக்கும். எட்ட நின்று பார்த்தால் முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் காலாட்படை தூக்கிச் சென்ற மவுசர் ரைஃபிளைப் போலவே தோன்றும். அதே நீண்ட போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை), அதே உருண்டைக் கைப்பிடி, பின்முனையில் அதே சிறகு வடிவப் பாதுகாப்புத் தாழ். குழலின் வாயைப் பார்த்தவுடன் குழப்பம் தொடங்கும். பென்சில் மட்டுமே நுழையக்கூடிய ரைஃபிள் துளை இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு 12 ‘போர்’ அல்லது 16 ‘போர்’ (bore, குழல் துளையின் அளவு) துளை இருக்கும், உள்ளே மரை இல்லாமல் வழவழப்பாக இருக்கும். ஒன்று குழலில், ஒன்று கீழ்ப்பெட்டியில் என்று இரண்டே தோட்டாக்கள்தான் இதில் அடங்கும். ரைஃபிளாகப் பிறந்து, சிறு ஈயக் குண்டுகளைச் சிதறவிடும் ரவைத் துப்பாக்கியாக மாற்றப்பட்ட இந்த வகை, 1920களில் ஜெர்மனியிலிருந்து பெருமளவில் வெளியே சென்றது. இதன் உடன்பிறப்பைப் போன்ற இன்னொரு வகையில் ‘ரெமோ’ என்ற பெயர் இருக்கும்.

இப்படி ஒன்று கைக்கு வந்தால், அல்லது தாத்தாவின் பெட்டியிலிருந்து வெளியே வந்தால், எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ‘இதைச் செய்தது யார்?’ என்பதுதான். இயல்பான கேள்விதான் என்றாலும், பழைய ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை ஆராய்ச்சியை அங்கே தொடங்குவது தவறு என்பது என் கருத்து. அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி எழுதியிருக்கும் பெயர்தான் பெரும்பாலும் அவற்றிலுள்ள சான்றுகளிலேயே பலவீனமானது. மேலே தெரியாமல் கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறு முத்திரைகளும், அளவுகோல் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் மில்லிமீட்டர் கணக்கும்தான் பொய் சொல்லாதவை. கேஹாவை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

முதலில், இப்படி ஒரு துப்பாக்கி ஏன் பிறந்தது என்பது. 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தாகி 1920 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த வெர்சாய் உடன்படிக்கை, ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேருக்குள் அடக்கியது. அந்த ராணுவம் வைத்துக்கொள்ளக்கூடிய ஆயுதங்களுக்கும் அட்டவணை போட்டது: ரைஃபிள்கள் 84,000, குறுந்துப்பாக்கிகள் 18,000. யுத்த காலத்தில் லட்சக்கணக்கில் செய்து குவித்த நாட்டுக்கு விதிக்கப்பட்ட எண் இது. 168ஆம் பிரிவு, நேச நாடுகள் ஒப்புக்கொண்ட தொழிற்சாலைகளில் மட்டுமே போர்க்கருவிகள் செய்யலாம் என்றது. 169ஆம் பிரிவு, மிச்சமிருக்கும் கருவிகளையெல்லாம் ஒப்படைத்து அழிக்க வேண்டும் என்றது. 170ஆம் பிரிவு, ஆயுத ஏற்றுமதியையும் இறக்குமதியையும் தடுத்தது. 1920 ஆகஸ்டில் ஜெர்மன் அரசே குடிமக்களிடமிருந்த ராணுவ ஆயுதங்களைத் திரும்பப் பெறுவதற்கென ஒரு சட்டம் இயற்றியது. ஒரு பக்கம், நல்ல எஃகில் செய்த ரிசீவர்களும் (போல்ட் ஓடும் உடற்பகுதி) போல்ட்டுகளும் மலைபோலக் குவிந்து கிடந்தன. மறுபக்கம், தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்வதைத் தவிர வேறு தொழில் அறியாத, மத்திய ஜெர்மனியின் தூரிங்கியக் காட்டு ஊர்கள் வேலையில்லாமல் நின்றன. 1923இல் மார்க் நாணயம் காகிதமாகிப்போனபோது, வெளிநாட்டுப் பணம் கொண்டுவரும் எந்தச் சரக்கும் பொன்னுக்குச் சமம். ராணுவ ரைஃபிளை விற்க முடியாது. முயல் சுடும் துப்பாக்கியை விற்கலாம். ஆகவே ராணுவ ரைஃபிள் முயல் சுடும் துப்பாக்கியாயிற்று.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது, அது வெளியே தெரியாதது. ராணுவத் தோட்டாவான 8×57 (8 மில்லிமீட்டர் துளை, 57 மில்லிமீட்டர் நீளக் கூடு) குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால், தோட்டா அறையை மூன்று மில்லிமீட்டர் ஆழப்படுத்தி 8×60 என்ற புதிய தோட்டாவை ஏற்கும்படி செய்தார்கள் என்பது வேட்டைத் துப்பாக்கி வரலாற்றில் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மூன்று மில்லிமீட்டர் உலோகத்தைக் குடைந்து எடுத்தால் ஒரு போர்க்கருவி சட்டத்தின் கண்ணில் விளையாட்டுக் கருவியாகிவிடுகிறது. உடன்படிக்கை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

8×60க்கு அறையை ஆழப்படுத்தினால் போதும். கேஹாவுக்கு அப்படியல்ல, அங்கே துப்பாக்கியின் உயிர்நாடியிலேயே கை வைத்தார்கள். 8×57 தோட்டாவின் அடிப்பகுதி ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. 12 போர் தோட்டாவின் அடி 20 மில்லிமீட்டரைத் தாண்டும். அதன் விளிம்பு 22 மில்லிமீட்டருக்கும் மேல். மவுசர் போல்ட்டின் உருளையோ 18 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தோட்டாவே போல்ட்டைவிடப் பருமனாக இருந்தால் என்ன செய்வது? ரிசீவரின் உட்புறத்தை அகலமாகக் குடைந்தார்கள். போல்ட்டின் முன்பகுதியை வெட்டிவிட்டுப் புதிய தலை ஒன்றைப் பொருத்தினார்கள். அந்த வெட்டில் போனவை, போல்ட்டின் முன்முனையில் இரண்டு பக்கமும் நிற்கும் பூட்டுக்காதுகள். 1898ஆம் ஆண்டு மவுசர் வடிவமைப்பின் பெருமையே அந்த இரண்டு காதுகள்தான். சுடும்போது பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் தாங்குபவை அவையே. பின்புறம் கைப்பிடிக்கு அருகில் மூன்றாவதாக ஒரு காது உண்டு. அது முன்காதுகள் உடைந்தால் மட்டும் வேலை செய்யும் காவல்காரன்; வழக்கமான நாட்களில் அது எதையும் தொடுவதுகூட இல்லை. கேஹாவில் காவல்காரனே வீட்டைத் தாங்கும் தூணாக்கப்பட்டான்.

ரவைத் தோட்டாவின் அழுத்தம் குறைவுதானே, பரவாயில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுவதுண்டு. இன்றைய ஐரோப்பிய நெறிப்படி 8×57 ஐ.எஸ் தோட்டாவின் உச்ச அழுத்தம் 3,900 ‘பார்’ (அழுத்தத்தின் அலகு), வழக்கமான 12 போர் தோட்டாவுக்கு 740 பார். ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் போல்ட்டைத் தள்ளுவது அழுத்தம் மட்டுமல்ல, அந்த அழுத்தம் விழும் பரப்பும் சேர்ந்ததுதான். 12 போர் தோட்டாவின் அடிப்பரப்பு ரைஃபிள் தோட்டாவின் அடிப்பரப்பைப் போல மூன்று மடங்கு. ஐந்தில் ஒன்றை மூன்றால் பெருக்கினால், தோராயமாக, பழைய விசையில் பாதிக்கும் மேல் வருகிறது. அந்தப் பாதிச் சுமையை, இரண்டு பெரிய காதுகளுக்குப் பதிலாக ஒரு சிறிய காது சுமக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்னால், சுடுபவரின் முகம் இருக்கிறது. அனுபவமுள்ள துப்பாக்கி வல்லுநர்கள் கேஹாவையும் ரெமோவையும் சுவரில் மாட்டி வைக்கச் சொல்வார்களே தவிரச் சுடச் சொல்ல மாட்டார்கள் என்பதன் காரணம் இந்தக் கணக்குதான். ‘மவுசர் போல்ட், அசைக்க முடியாதது’ என்ற நற்பெயரை நம்பி முடிவெடுப்பவர், துப்பாக்கியில் இல்லாத ஒரு பகுதியின் புகழை நம்புகிறார்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு சொல். துருக்கிய மொழிவழி வந்ததாகக் கருதப்படும் ‘துப்பாக்கி’ என்ற சொல்லும், ஈழத்தில் வழங்கும் ‘துவக்கு’ என்ற சொல்லும், குழலுக்குள் மரை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஜெர்மன் மொழி பார்க்கிறது. மரையிட்ட குழலுடையது ‘பியூக்ஸெ’. வழவழப்பான குழலுடையது ‘ஃப்ளின்டெ’. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ‘பியூக்ஸ்ஃப்ளின்டெ’. மூன்று குழல் கொண்டது ‘ட்ரில்லிங்’. ஒரே நாளில் ஒரே காட்டில் மானும் முயலும் காட்டுக்கோழியும் எதிர்ப்படக்கூடிய வேட்டை முறையிலிருந்து வந்த பாகுபாடு இது. அதனால்தான் ஒரே மரக்கட்டையில் இரண்டு ரவைக் குழல்களும் அவற்றின் அடியில் ஒரு ரைஃபிள் குழலுமாக அமைந்த துப்பாக்கி, ஜெர்மானிய வேட்டைக்காரருக்கு விந்தைப் பொருளாக இல்லாமல் அன்றாடக் கருவியாக இருந்தது. பியூக்ஸெயை ஃப்ளின்டெயாக மாற்றுவதும் அவர்களுக்குப் புதிதல்ல. 1871ஆம் ஆண்டு மாதிரியான ஒற்றைத் தோட்டா மவுசர் காலாவதியானபோது அதையும் ரவைத் துப்பாக்கியாக்கி விற்றவர்கள் உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் பழைய பிரெஞ்சு ராணுவ ரைஃபிள்களை 12 போராக மாற்றி, ‘ஸுலு’ என்ற பெயரில் அமெரிக்க விவசாயிகளுக்கு மலிவாக விற்றார்கள். தோற்ற ராணுவத்தின் ரைஃபிளும் வழக்கொழிந்த ரைஃபிளும் கடைசியில் கோழிக்கூண்டைக் காக்கவே போயின.

பெயர்ப் பிரச்சினைக்கு வருவோம். தூரிங்கியாவின் ஸூல் நகரம் துப்பாக்கித் தொழிலின் தலைநகரம் என்றால், அந்தத் தொழில் ஒரே கூரைக்குக் கீழ் நடந்தது என்று பொருளல்ல. 1751இல் தொடங்கிய ஜே.பி. ஸாவர், 1840இல் தொடங்கிய ஹேனல், அவற்றோடு ஷில்லிங், ஸிம்ஸன், மெர்க்கல் போன்ற பெரிய பெயர்களைச் சுற்றி, வீட்டுப் பட்டறைகளில் வேலை செய்த நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். ஒருவர் குழல் துளைப்பார், ஒருவர் பூட்டு செய்வார், ஒருவர் வாதுமை மரக்கட்டையைச் செதுக்குவார், ஒருவர் மானும் கருவாலி இலையும் பொறிப்பார். முடிந்த துப்பாக்கியை வாங்கும் வணிகர், பெர்லினிலோ ஹாம்பர்க்கிலோ தன் கடைப் பெயரைக் குழலின் மேல் பொறிக்கச் செய்வார். பட்டு நெய்தவர் ஒருவர், கடைப்பெயர் தாங்கிய பெட்டி வேறொருவருடையது என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. குழலின் மேலிருக்கும் பெயர் பெரும்பாலும் விற்றவரின் பெயர். செய்தவர்களில் ஒருவராவது அடையாளம் விட்டிருந்தால், அது குழலின் அடியில், கட்டைக்குள் மறைந்திருக்கும் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கமாக இருக்கும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ‘க்ருப்’ என்ற பெயர். குழலின் மேல் பளிச்சென்று ‘க்ருப் லாஃப்ஷ்டால்’ அல்லது ‘ஃப்ளுஸ்ஷ்டால் க்ருப் எஸ்ஸன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பீரங்கிக்குப் பேர்போன க்ருப் ஆலையே தன் துப்பாக்கியைச் செய்தது என்று நம்புபவர்கள் இன்றும் குறைவில்லை. லாஃப்ஷ்டால் என்றால் குழல் எஃகு. எஃகு எங்கிருந்து வந்தது என்பதற்கான விளம்பரம் அது; எஃகு ஆலை ஒன்றின் பெயரைக் கத்தியில் போட்டிருந்தால் கத்தியை அந்த ஆலையே செய்ததாக ஆகாது. க்ருப் பெயர் ஒரு பயனைத் தருகிறது: பழைய தமாஸ்கஸ் முறையில் இரும்புப் பட்டிகளை முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த குழல் அல்ல, ஒரே எஃகில் துளைத்த குழல் என்பது உறுதியாகிறது.

பெயர்களைவிட நம்பகமானவை, யாரும் பெருமைக்காகப் பொறிக்காத சொற்கள். ‘ஜெர்மனி’ என்ற ஆங்கில எழுத்துக் குத்து இருந்தால், 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்கென்று அனுப்பியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வந்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது அந்தச் சட்டம். ‘டி.ஆர்.பி.’ என்பது 1877 முதல் 1945 வரை வழங்கிய பேரரசுக் காப்புரிமை, ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்பது 1891 முதல் நடைமுறைக்கு வந்த சிறு கண்டுபிடிப்புப் பதிவு. முகவரியும் பேசும். ஸெல்லா ஸங்க்ட் ப்ளாஸியி, மேலிஸ் என்ற அடுத்தடுத்த இரண்டு ஊர்கள் 1919இல் ஸெல்லா-மேலிஸ் என்று ஒன்றாயின. ஆகவே குழலில் ‘மேலிஸ்’ மட்டும் இருந்தால் துப்பாக்கி இணைப்புக்கு முந்தையது என்றும், கோடிட்ட இரட்டைப் பெயர் இருந்தால் பிந்தையது என்றும் கருதலாம். ஊராட்சி இணைப்பு ஒன்று துப்பாக்கியின் வயதைச் சொல்லும் சாட்சியாகிறது.

ஆனால் எல்லாவற்றிலும் வலிமையான சாட்சி சோதனை முத்திரைதான். புதிய குழலில் வழக்கத்தைவிட வலிய மருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமலும் உப்பாமலும் இருந்தால் முத்திரை குத்தி வெளியே விடும் சோதனைச்சாலை முறை, பர்மிங்ஹாமில் 1813இலேயே நிலைபெற்றுவிட்டது. ஜெர்மனி தாமதித்தது. 1891 மே 19 அன்று இயற்றிய சட்டம் 1893 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் நாடு முழுவதற்கும் ஒரே கட்டாய முறை ஏற்பட்டது. அந்தச் சட்டத்தின் முத்திரைகள் பெரும்பாலும் ஒரு கிரீடமும் அதன் கீழ் ஓர் எழுத்துமாக இருக்கும். ‘பி’ என்றால் சுட்டுச் சோதித்தது. ‘யூ’ என்றால் சுட்ட பின் ஆய்ந்து ஒப்புக்கொண்டது. ‘ஜி’ மரையிட்ட குழல். ‘எஸ்’ ரவைக் குழல். ‘டபிள்யூ’ வாய்ப்பகுதியைக் குறுக்கிய குழல். குறுக்கிய குழலில் ‘குண்டுக்கு அல்ல’ என்ற எச்சரிக்கையையும் சேர்த்துப் பொறித்ததுண்டு. ‘வி’ என்ற எழுத்துக்கு ஆராய்ச்சியாளரிடம் தனி மதிப்பு. சட்டம் வந்தபோது ஏற்கெனவே கையிருப்பில் இருந்த துப்பாக்கிகளுக்கு மட்டும் குத்தியது அது. கிரீடத்தின் கீழ் ‘வி’ கண்டால், 1893 ஏப்ரலுக்கு முன்னால் பிறந்தது என்று தயங்காமல் எழுதலாம்.

அந்த முத்திரைகளோடு ஓர் எண்ணும் இருக்கும். அதை வரிசை எண் என்று நினைத்து ஏமாறுவது புதியவர்களுக்கு வாடிக்கை. ‘172.28’ என்று ஒரு ரைஃபிள் குழலில் கண்டால் புள்ளி ஏன் நடுவில் வந்தது என்று நின்று யோசிக்க வேண்டும். பழைய ‘போர்’ (bore) அளவுக் கணக்கின்படி, குழல் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஓர் ஆங்கில ராத்தல் வருமோ அந்த எண்ணிக்கையே அக்குழலின் அளவு. பன்னிரண்டு குண்டு ஒரு ராத்தல் என்றால் 12 போர். அதே கணக்கை மெல்லிய ரைஃபிள் துளைக்கும் நீட்டினார்கள். ராத்தலுக்கு 172.28 குண்டு என்றால் துளை 0.300 அங்குலம், 156.14 என்றால் 0.310 அங்குலம். சோதனைச்சாலையில் இருந்த அளவுத் தண்டுகள் நூறில் ஒரு அங்குல இடைவெளியில் செய்யப்பட்டவை என்பதால், நுழைந்த தண்டுகளில் பெரியது எதுவோ அதன் எண்தான் பதியும். துளையின் உண்மையான அளவு அதற்கும் அடுத்த தண்டுக்கும் இடையில் எங்காவது இருக்கும். முதல் யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்னால் இந்தக் கணக்கு மாறி, ‘7,8’ என்று மில்லிமீட்டரும், அதன் பக்கத்தில் ‘57’ என்று தோட்டாக் கூட்டின் நீளமும் வரத் தொடங்கின. ஜெர்மானியர் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடுவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ‘2,67’ என்று தொடங்கும் முத்திரை, 2.67 கிராம் ராணுவத் தகட்டு மருந்தையும் எஃகுறையிட்ட குண்டையும் கொண்டு சோதித்த 8 மில்லிமீட்டர் ரைஃபிளைக் குறிக்கும்.

யுத்தத்துக்குப் பிந்தைய குழல்களில் பெரும்பாலும் சோதித்த மாதமும் ஆண்டும் இருக்கும். ‘6 27’ என்றால் 1927 ஜூன். இந்த இரண்டு எண்களுக்காக எத்தனையோ பேர் கட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். 1939ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1940 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்ததும் கிரீடங்கள் மறைந்து கழுகு வந்தது. யுத்தம் முடிந்த பின் மேற்கு ஜெர்மனியின் உல்ம் சோதனைச்சாலை மான்கொம்பைத் தன் அடையாளமாகக் கொண்டது.

இந்த அறிவோடு கேஹாவைத் திரும்ப எடுத்தால், அதில் இரண்டு வகைக் கிரீடங்கள் இருக்கக் காண்போம். ரிசீவரின் பக்கவாட்டில் சிறிய கிரீடங்களும் அவற்றின் கீழ்ப் பழைய ஜெர்மன் எழுத்துகளும் இருந்தால், அவை ராணுவ ஆய்வாளர்கள் குத்தியவை. சோதனைச்சாலைச் சட்டத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இடது சுவரில் கெவேர் 98 என்ற ராணுவ ரைஃபிள் பெயரின் சுருக்கம் சில துப்பாக்கிகளில் இன்னும் எஞ்சியிருக்கும். குழலில் இருக்கும் கிரீடங்கள்தான் குடிமைச் சோதனைக்குரியவை. அங்கே ரவைக் குழலுக்கான ‘எஸ்’ இருக்க வேண்டும், ‘ஜி’ இருக்கக் கூடாது. ஆகவே ஒரே இரும்பில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கின்றன: முதலாவது பேரரசின் ராணுவம் கொடுத்தது, இரண்டாவது குடியரசின் வணிகம் கொடுத்தது. இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டு, 1915இல் செய்த ராணுவ ரவைத் துப்பாக்கி என்று எழுதிவைத்தவர்கள் உண்டு.

வரிசை எண்ணிலும் இதே வலை இருக்கிறது. பேரரசுக் காலத்தில் ஒவ்வோர் ஆலையும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும். பத்தாயிரம் முடிந்தால் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆலையின் பெயரும் ஆண்டும் ரிசீவரின் முன்வளையத்தின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றம் செய்தவர்கள் ராணுவ அடையாளத்தை அழிக்க விரும்பித் தேய்த்த இடமும் பல துப்பாக்கிகளில் அதே வளையம்தான். அந்த இரண்டு வரிகள் போய்விட்டால், கீழே அழகாக மிஞ்சியிருக்கும் நான்கு இலக்க எண் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவியாகிவிடும். ஷ்பாண்டாவிலும் எர்ஃபுர்ட்டிலும் டான்ஸிக்கிலும் ஓபர்ண்டார்ஃபிலும் அதே எண் கொண்ட ரைஃபிள் ஆண்டுக்கொன்று பிறந்திருக்கலாம்.

எண்ணை எழுதி ஆலைக்கு அனுப்பினால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்களே என்று பிரிட்டிஷ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். லண்டனின் பழைய நிறுவனங்கள் சிலவற்றில் அது நடக்கும். ஜெர்மானிய வேட்டைத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் நடக்காது. காரணம் சோம்பலல்ல, வரலாறு. வெர்சாய்க்குப் பிறகு ராணுவத்துக்குத் துப்பாக்கி தர ஒப்புதல் பெற்றிருந்த ஸூலின் ஸிம்ஸன் நிறுவனம் ஒரு யூதக் குடும்பத்துடையது. நாஜிகள் 1930களின் நடுவில் அதைப் பறித்துக்கொண்டார்கள், உரிமையாளர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள், ஆலையின் பெயரே மாறி மாறிக் கடைசியில் குஸ்ட்லாஃப் ஆலையாயிற்று. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஸூலைப் பிடித்தது; அதே ஜூலையில் தூரிங்கியா சோவியத் வசம் போனது. ஸாவர், ஹேனல், மெர்க்கல் ஆகியவற்றின் ஸூல் ஆலைகள் கிழக்கு ஜெர்மனியின் அரசுடைமையாயின. ஸாவர் பெயர் 1951இல் வடக்கே எக்கர்ன்ஃபோர்டில் மறுபடி முளைத்தது, ஸூலின் இன்னொரு நிறுவனமான க்ரீகாஃப் உல்முக்குப் போனது. நெக்கார் ஆற்றங்கரை ஓபர்ண்டார்ஃபில் பிரெஞ்சுப் படை மவுசர் ஆலையை இடித்துத் தள்ளியபோது ஆவணங்களில் பெரும்பகுதியும் அழிந்தது. காகிதம் எரிந்துபோன இடத்தில், குழலடியில் சுத்தியலால் அடித்த எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது.

துப்பாக்கிகளும் ஊர்விட்டுப் போயின. ஊர்மன்றங்களின் முற்றத்தில் குடிமக்கள் ஒப்படைத்துக் குவித்த வேட்டைத் துப்பாக்கிகளிலிருந்து பிடித்ததை எடுத்துக்கொண்டு அமெரிக்க வீரர்கள் ஊர் திரும்பினார்கள். 1946 ஜனவரி 7 அன்று நேச நாட்டுக் கட்டுப்பாட்டுக் குழு பிறப்பித்த இரண்டாம் ஆணை, எஞ்சியவற்றையும் ஒப்படைக்கச் சொன்னது. ட்ரில்லிங் ஒன்றின் வரலாற்றைத் தேடுபவர் இன்று ஸூலைவிட அமெரிக்காவில்தான் அதிகம் தேட வேண்டியிருப்பதன் காரணம் இது. அங்கே அந்தத் துப்பாக்கிகளுக்கு மூன்றாவது மாற்றம் காத்திருந்தது. அதுதான் ஆராய்ச்சியாளருக்கு மிகவும் சிக்கலானது.

ஊருக்குக் கொண்டுவந்தவருக்கு ஜெர்மானியத் தோட்டா கிடைக்கவில்லை. பழைய ஜெர்மானிய 12, 16 போர் அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளம். அமெரிக்கக் கடையில் கிடைத்தது 70 மில்லிமீட்டர். ஊர்ப் பட்டறையில் கொடுத்து அறையை ஐந்து மில்லிமீட்டர் ஆழப்படுத்துவது பத்து நிமிட வேலை. ரைஃபிள் குழலையும் கையில் கிடைத்த அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்பக் குடைந்தார்கள். அதற்கும் மேல் 8 மில்லிமீட்டர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு அளவுகள் ஒளிந்திருந்தன: 1888ஆம் ஆண்டு ரைஃபிளின் தோட்டாவுக்கு 0.318 அங்குலக் குண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவம் ஏற்ற கூர்முனைத் தோட்டாவுக்கு 0.323 அங்குலக் குண்டு. முதலாவதன் பெயரில் இருந்த ‘ஐ’ காலாட்படையைக் குறித்த எழுத்து. பழைய ஜெர்மன் அச்செழுத்தில் பெரிய ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் வெளிநாட்டார் அதை ‘ஜே’ என்று படித்தார்கள், பிழையே பெயராக நிலைத்தது. ராணுவம் 0.323க்கு மாறிய பின்னும் வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் பல காலம் 0.318இலேயே குழல் துளைத்தார்கள். ஆகவே துப்பாக்கியின் ஆண்டைக் கொண்டு துளையை ஊகிக்க முடியாது. குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி அச்செடுத்தோ மென்மையான ஈயக் குண்டைக் குழலில் தள்ளியோ அளந்தே ஆக வேண்டும்.

ஜெர்மானியச் சட்டம் பழுதுபார்த்த, திருத்திய துப்பாக்கிக்கும் வழி வைத்திருந்தது. மறுபடி சோதனைச்சாலைக்குப் போய்க் கிரீடத்தின் கீழ் ‘ஆர்’ என்ற எழுத்தைப் பெற்று வர வேண்டும். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயச் சோதனைச்சாலையே கிடையாது. அதனால் அங்கே நடந்த மாற்றம் எந்த முத்திரையும் விடாமல் நடந்தது. குழலடியில் வட்டத்துக்குள் 16 என்று இருக்கும், 1927 ஜூன் என்று இருக்கும், எல்லாம் ஒழுங்காக இருக்கும். அறைக்குள் அளவுகோலை விட்டால் 70 மில்லிமீட்டர் காட்டும். அந்த முத்திரை 1927இல் சோதித்த குழலைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் கையிலிருப்பது அந்தக் குழல் அல்ல, அதிலிருந்து யாரோ ஒருவர் ஐந்து மில்லிமீட்டரைச் சுரண்டி எடுத்த வேறொன்று. முத்திரையைப் படித்து முடித்த பிறகும் அளவுகோலைக் கீழே வைக்கக் கூடாது என்பது இதனால்தான். பித்தளை வில்லையில் இருக்கும் பெயர் எதுவாக இருந்தாலும், அறை 65ஆ 70ஆ என்று தெரியும் வரை அந்தத் துப்பாக்கியின் வரலாற்றில் கடைசி அத்தியாயம் எழுதப்படாமலே இருக்கும்.